பூசை முடிந்ததும் வெடித்த டிரான்ஸ்பார்மர்

எங்கள் ஆலந்தலையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடியும்வரை வீட்டிலும் எந்த வேலையையும் தொட மாட்டோம். மீன் விற்கப் போக நான் மின்சார ஸ்கூட்டர் வாங்கி, அதன் பெருமையைத் தெரு முழுக்கச் சொன்னேன். ஒரே வருடத்தில் எங்கள் தெருவில் பதினெட்டு வண்டிகள்!

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போல் சார்ஜரை மாட்டினேன். அதே நேரத்தில் தெருவே மாட்டியிருக்கிறது! வெயிலுக்கு வீட்டுக்கு வீடு ஏசி வேறு. திடீரென்று 'டமார்' என்று சத்தம். கரண்ட் போனது. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து தீப்பொறி கொட்டியது. அதன் பக்கத்தில்தான் என் கணவர் எங்கள் நைலான் வலையைக் குவித்து வைத்திருந்தார். வலை பற்றிக்கொண்டது!

"ஏளா, தண்ணிய ஊத்தாத! மண்ண அள்ளிப் போடு!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடினார். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு நானும் மணலை வாரி வாரி இறைத்தேன். தெருவே சேர்ந்து இறைத்தது. நல்லவேளை, வலையில் ஒரு மூலைதான் போனது.

"எல்லாரும் ஒரே நேரத்துல மாட்டுனா அது எப்படித் தாங்கும்? முறை வச்சு சார்ஜ் ஏத்துங்க" என்றார் வந்த லைன்மேன்.

இப்போதெல்லாம் வலையை அந்தப் பக்கமே வைப்பதில்லை. சார்ஜரைக் கையில் எடுத்ததும் வாசலுக்கு வந்து, "ஏளா, ஒன் வண்டிக்கு சார்ஜ் ஏறிட்டா? நான் மாட்டட்டா?" என்று எதிர்வீட்டைக் கேட்கிறேன். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக்கூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை!

- சகாயமேரி, ஆலந்தலை