தேசம்மா காயவைத்த சேறு

தேசம்மா இறந்துவிட்டார். பழவேற்காட்டிலிருந்து அவருடைய மகன் இன்று காலை போன் செய்தார்.

"ஏரில எறங்கசொல்ல கால்ல கிளிஞ்சல் கீச்சிச்சி சார், அவ்ளோதான். ஆஸ்பத்திரில ஊசிய மாத்தி மாத்திப் போட்டுக்கினே இருந்தாங்க. எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி அடங்கலன்னுட்டாங்க..."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.

எழுபதுகளின் இறுதி. கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்து கம்பெனியின் சிறிய லேப். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வோம் என்ற நிபந்தனையில் சேர்ந்திருந்தேன். வேலை: மண்ணில் மருந்து தேடுவது.

நண்பர்கள் சிரிக்க வேண்டாம். மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள், தம்மைச் சுற்றி வேறு கிருமிகளை வளரவிடாத ஒரு பொருளைக் கசியவிடும். நாம் விழுங்கும் ஆண்டிபயாடிக்குகளில் பல அப்படிக் கிடைத்தவை. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் அப்போதே பழகத் தொடங்கியிருந்தன.

பழவேற்காடு ஏரியில் எந்தச் சேறு தாங்கும், எது ஆளைப் புதைக்கும் என்று அறிந்தவர் தேசம்மா. மீன்பிடிக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தினக்கூலிக்குச் சேறு எடுத்துத் தருவார். ஈரம் போகாமல் பாலித்தீன் பையில் கட்ட வேண்டும் என்பது எங்கள் அதிகாரி வகுத்த விதி.

ஐந்து மாதம் ஓடியது. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு எதில் அந்தச் சேற்றைத் தூவினாலும் சாதாரண பாக்டீரியா வழவழவென்று பரவி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் எனக்கு அந்த வேலை இல்லை.

ஒருமுறை, சேறு வாங்கிவரப் போகும் கம்பெனி ஜீப் பழுது. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், சேறு முழுவதும் ஒரு கிழிந்த வலையின் மேல், கருவாட்டுக்குப் பக்கத்தில், காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் எண் சீட்டு. பறக்காமல் மேலே ஒரு கிளிஞ்சல்.

"என்னம்மா இது?"

"ஈரத்தோட கட்டி வச்சா நாறிப்பூடும் சார். மீனு கெடாம இருக்க இன்னா பண்றோம்? வெயிலு காட்றோம். மண்ணு மட்டும் மாமியா ஊட்டுக்கு வந்த மாப்ளையா, நெழல்ல குந்திக்கினு இருக்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. "இது லேபா, கருவாட்டுக் கடையா? அந்தப் பொம்பளைய நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன். நானே போய்ச் சொன்னேன்.

"நீ இன்னா பண்ணுவ சார்... உனுக்கே அங்க பேஜாரு" என்றார்.

வேறு மண் கைவசம் இல்லாததால் அந்தக் காய்ந்த பொடியையே தட்டில் தூவினேன். எல்லாவற்றையும் மூடிப் பரவும் கிருமிகளை வெயில் கொன்றிருந்தது. காய்வதைத் தாங்கிய உயிர்கள் மட்டும் எழுந்தன. சுண்ணாம்புப் பொடி படிந்தாற்போல் சாம்பல் நிறப் புள்ளிகள். தட்டைத் திறந்தால் முதல் மழையின் வாசம்.

நாற்பத்தோராம் எண் மண்ணில் ஒரு புள்ளி. பல மருந்துகளுக்கு அடங்காத எங்கள் சோதனைக் கிருமி, அதைச் சுற்றி மட்டும் வளரவே இல்லை.

தேசம்மாவைத் திரும்ப அழைத்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல, இன்னும் மண் தேவைப்பட்டதால்.

தட்டைக் காட்டினேன். "இத்தானா மருந்து? பூசணம் புட்ச்ச அப்பளமாட்டம் கீது!" என்று சிரித்தார். பிறகு, "உன் வேல இனிமே பூடாதே சார்?" என்று கேட்டார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ரிப்போர்ட்டில், மண்ணை உலர்த்தும் முறையை வகுத்தவர் என்று அதிகாரியின் பெயர் இருந்தது. சேகரித்தவர் பெயருக்கான கட்டம் காலி. தட்டச்சு செய்தவன் நான்.

இரண்டே ஆண்டில் லேபை மூடினார்கள். ஒரு வாரம் சாப்பிட்டால் குணமாகிவிடும் மருந்தில் லாபம் இல்லையாம். கிருமி வளர்த்த குழாய்கள், மண் பொட்டலங்கள்... அனைத்தையும் எரிக்க உத்தரவு. அதில் கையெழுத்திட்ட அதே அதிகாரி, பிற்காலத்தில் மருந்துக்கு அடங்காத நோய்களைப் பற்றி மேடைகளில் கவலைப்பட்டார். பொன்னாடையும் பெற்றுக்கொண்டார்.

அந்த மருந்து வந்திருந்தால் தேசம்மா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. தேடுவதை நிறுத்தியது யார் என்பதற்கு இருக்கிறது.

எனக்கு நிலைத்த வேலை, பிறகு கிடைத்த கல்லூரிப் பணி, இன்று நான் உண்ணும் சோறு... எல்லாம் அந்தக் கிழிந்த வலையின் மேல் காய்ந்தவை. இதை அவரிடம் ஒருமுறையாவது நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

நாற்பத்தோராம் எண் பொட்டலத்தை நான் எரிக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுதான். நன்றாகக் காய்ந்த மண்ணில் அந்த உயிர்கள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடும்.

நாளை அதை ஒரு பல்கலைக்கழக லேபில் ஒப்படைக்கிறேன். பொட்டலத்தின் சீட்டில், சேகரித்தவர் என்ற காலி இடத்தில் இன்று எழுதினேன்: தேசம்மா, பழவேற்காடு.

போய் வாருங்கள், தேசம்மா. மண் கெடாமல் இருக்கிறது.