முதல் படத்தில் நின்ற சங்கம்

எட்டாவதோடு படிப்பை விட்டு, மராத்தி பேசும் ஊரான ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். கவலைப்படுவதற்குப் பரீட்சை வைத்திருந்தால் அதில் தேறியிருப்பேன். வானம் பார்க்கும் பைத்தியம் எப்படியோ ஒட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த சாங்வியில் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். பாங்கில் ரிட்டயரான தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தலைவர். அவர் வீட்டு மொட்டைமாடிதான் சங்கம். அங்கே வானம் பார்த்ததைவிட வடாபாவ் தின்றதே அதிகம்.

ஒரு டிசம்பரில் நோவா வந்தது. கண்ணுக்கே தெரியாமல் கிடந்த நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும். சில நாளில் மங்கிப் போகும். பொழுது சாய்ந்ததும் மேற்கே கொஞ்ச நேரம் தெரியும், பிறகு எதிர் பில்டிங் மறைத்துவிடும். அது மங்குவதற்குள் ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஃபிலிம் காலம். வானத்தை எடுத்த நெகட்டிவ் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு படம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் லேப்காரன் நட்சத்திரத்தின் நடுவிலேயே கத்தரித்துவிடுவான். அதனால் ரோலின் முதல் படமாக யாராவது ஒருவர் முகத்தை எடுத்துவிடுவோம். அதை அளவாக வைத்து மீதியை வெட்டுவான்.

"சார், சட்டுனு நில்லுங்க. ஒண்ணு எடுத்துட்டு மேல திருப்பிடறேன்" என்றேன் தலைவரிடம்.

"நான் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்? அரே, எல்லாரும் வாங்கப்பா!"

எல்லாரும் வந்தார்கள். தலைவரின் மனைவி மாமி புடவை மாற்றக் கீழே போனாள். செயலாளர் தலை வாரினார். டெலஸ்கோப்பைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் நிறுத்தினார்கள். ஃப்ளாஷ் அடித்தேன்.

"சார் கண்ணை மூடிட்டார், இன்னொண்ணு எடு" என்றார் செயலாளர்.

அடுத்ததில் மாமி திரும்பிவிட்டாள். அதற்கும் அடுத்ததில் யாரோ தும்மினார்.

"சார், நட்சத்திரம் இறங்குது."

"அது எங்கப்பா ஓடிடப் போகுது? கோடி வருஷமா அங்கதானே இருக்கு!"

நோவாவைப் பற்றிச் சங்கத் தலைவர் சொன்னது இது. செயலாளர் வேறு சேர்ந்துகொண்டார்: "இவனுக்கு ரயில் ஏறும்போதுகூட இப்படித்தான் சார், நாலு தடவை டிக்கெட்டைத் தொட்டுப் பாப்பான்." எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நன்றாக விழும் என்று அதையும் எடுக்கச் சொன்னார்கள்.

கேமராவை ஒருவழியாக மேற்கே திருப்பினேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்று எடுத்தேன். மறுநாளிலிருந்து மேகம். மேகம் விலகியபோது நோவா மங்கிவிட்டிருந்தது.

நான் பயந்த லேப்காரன் மயிரிழை பிசகாமல் வெட்டியிருந்தான். வானத்தை எடுத்த அந்த ஒரு படத்தில் எதிர் பில்டிங்கின் சுவரும், கொடியில் காய்ந்த யாருடையதோ ஒரு பனியனும் விழுந்திருந்தன. தலைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்த படத்தைப் பெரிதாக்கி, 'நோவாவைப் படம் பிடித்த நம் சங்கம்' என்று எழுதிக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நடுவில் நிற்கும் டெலஸ்கோப்பின் மூடியைக்கூடக் கழற்றவில்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும். ஒருவராவது கேட்கவேண்டுமே!