மேகம் கலைக்க வந்தவர்கள்

பிற்பகல் மூன்று பத்துக்கு என் மகள் ட்ரோனை மேலே அனுப்பினாள். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தின் கண்மாய்க்கரை அது. மேற்கே கருத்துத் திரண்டிருந்த மேகம், ட்ரோன் பறந்துகொண்டிருந்தபோதே பிரிந்து கலைந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டும் ஒரே வானத்தில் நடந்தன.

அந்த மண்ணில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். காய்ந்த புழுதிக்குள் கம்பும் உளுந்தும் மழைக்காகக் கிடக்கும். வெறும் தூறலோடு நின்றுபோனால் முளைத்ததெல்லாம் கருகிவிடும். அந்த வாரம் ஊரே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களுக்கு முன்னால்தான் இவளுடைய கருவி பறந்தது.

நிலத்தை மேலிருந்து படமெடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மகளுக்கு வேலை. தனியாகப் போகிறாளே என்று அருப்புக்கோட்டையிலிருந்து நானும் கூடப் போனேன். அந்தக் கிராமத்துப் பள்ளியில்தான் ஆசிரியையாக என் முதல் வேலை. தெரிந்த முகங்கள் இருக்கும் என்ற தைரியம்.

முதலில் நாலைந்து பேர் வந்தார்கள்.

"யாரும்மா ஒன்னய அனுப்புனது?"

"அத வெளிய சொல்லக்கூடாதுன்னு கம்பெனில சொல்லிருக்காங்க" என்றாள் மகள். அவளுக்குப் பொய் வராது.

அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஓடிய வீடியோவில் விமானம் ஒன்று மேகத்துக்குள் நுழைகிறது, மேகம் கிழிகிறது. நிலத்தைத் தரிசாக்கி அடிமாட்டு விலைக்கு வாங்க மந்திரிகளும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று ஒரு குரல் அடித்துச் சொல்கிறது. நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் பெருகிவிட்டது.

"டீச்சர், பிள்ளையக் கூட்டிக்கிட்டு மோட்டார் ரூமுக்குள்ள போங்க. பயலுக கோவத்துல இருக்கானுக" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். நுழைந்ததும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் எங்களைக் காப்பாற்றினாரா, பிடித்து அடைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆள் புகமுடியாத ஒரு துவாரம், கிரீஸ் வாடை, வெந்த தகரக் கூரை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். "வாரோம்" என்றார்கள். மகள் ட்ரோனை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"மழைய எங்க கொண்டுபோயி எறக்குனீக, மதுரைலயா?" வெளியே சிரிப்பு. "மெஷினோட சேத்துக் கொளுத்துங்கலே" என்று இன்னொருவன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கதவோடு வாயை வைத்துக் கத்தினேன். "மேகத்த யாராலயும் வெரட்ட முடியாதுய்யா!"

"டீச்சர், என்னயத் தெரியுதா? ஒங்ககிட்ட அஞ்சாப்பு படிச்சவன்." கதவுக்கு மிக அருகே ஒரு குரல். "மேகத்துல உப்பத் தூவி மழ பெய்ய வைக்கலாம்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக? பெய்ய வைக்கத் தெரிஞ்சவனுக்கு வெரட்டத் தெரியாதாக்கும்?"

"அது வேறய்யா..."

"எல்லாம் வேறதான். ஆட்டுப்பண்ணை போடப் போறோம்னு ஒருத்தன் வந்து கருவேலங்காட்ட வாங்குனான். கரண்டுக்காரன்தான் பின்னால இருக்கான்னு எங்க சித்தப்பா சொன்னாரு. கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல சிரிச்சாக. இப்பப் போயிப் பாருங்க, கண்ணுக்கெட்டுன மட்டும் சோலார் கண்ணாடி. அன்னைக்குச் சிரிச்சவுகள நம்பச் சொல்றீகளா?"

காற்றழுத்தம், ஈரப்பதம் என்று தலைக்குள் ஓடியவை எல்லாம் பாடப்புத்தகத்து வார்த்தைகள். அவனுடைய சித்தப்பா சொன்னது நடந்திருந்தது. ஒருமுறை உண்மையாகிப்போன சந்தேகத்தை எந்தப் பாடத்தை வைத்து அழிப்பது?

மகள் பக்கம் திரும்பினேன். "இந்தப் படமெல்லாம் கடைசில யாருக்குத்தான் போவுது?"

"தெரியலம்மா. எடுத்து அனுப்புறதோட என் வேல முடிஞ்சிரும்."

"கண்மாய் அளக்கத்தான?"

"அப்படித்தான் சொன்னாங்க."

அவள் குரல் தணிந்திருந்தது. அந்தச் சின்ன அறை இன்னும் சின்னதானது. வெளியே நின்றவர்களின் கேள்வி கதவைத் திறக்காமலே உள்ளே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. பெற்ற பிள்ளையைச் சில நொடிகள் அவர்களைப் போலவே பார்த்தேன். உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டத் தொடங்கியபோது ஜீப் சத்தம் கேட்டது. அதட்டல், முணுமுணுப்பு, விலகும் காலடிகள். தாழ்ப்பாள் திறந்தது. நடுவயது ஏட்டு ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பயப்படாதீக டீச்சர், எல்லாரையும் அனுப்பியாச்சு."

மகளிடமிருந்து ட்ரோனை வாங்கினார். டார்ச் அடித்து, இறக்கைகளைத் தடவி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"எனக்கும் பந்தல்குடில காடு இருக்கு. புழுதில வெதச்சுப் போட்டுருக்கேன். இது நெசமாவே மேகத்தக் கலைக்காதுல்ல? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க டீச்சர், வெளிய சொல்ல மாட்டேன்."