கமாவில் ஒரு மூச்சு

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஒன்பதரைக்குத் திறக்கிற வாய் மாலை ஐந்தரைக்குத்தான் மூடும். ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள்கள், அது பிறந்த கதை, கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இத்தனையையும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும், நிறுத்தக்குறிகள் உட்பட. "கமா" என்பாள். "செமிகோலன்" என்பாள். "பிராக்கெட் திற, பிராக்கெட் மூடு" என்பாள். இருபத்தொரு வருடம் இப்படிப் பேசினால் வீட்டிலும் அது ஒட்டிக்கொள்ளாதா? "இங்க கமா வேண்டாம், விஷயத்தைச் சொல்லு" என்பார் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்.

அவள் வாசிக்க, இன்னொருவர் அச்சாகி வந்த புரூஃப் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவார். ஒரு சொல் முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். அவருக்கு டிக் சார் என்று பெயர். அவள் மட்டும் அண்ணே என்பாள்.

இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். அலுவலகத்தின் பழைய விதி அது. முகத்தைப் பார்த்தால் ஒப்பிடுகிறவர் தாளை விட்டுவிட்டு உதட்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவாராம். இன்னொரு விதியும் உண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்ற வேண்டும். ரொம்ப நாள் சேர்ந்து உட்கார்ந்தால் இருவரும் ஒரே பிழையில் சேர்ந்து தூங்கிவிடுவார்கள். இந்த ஜோடியை மட்டும் ஆசிரியர் பதினோரு வருடமாக மாற்றவில்லை. அவர்கள் பக்கத்தில் பிழையே வருவதில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிப்பது என்று விட்டுவிட்டார்.

டிக் சார் அதிகம் பேசமாட்டார். அவள் கமா என்றதும் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அதன் நுனியில் மெல்லிய விசில் ஒன்று இருக்கும். வந்துவிட்டேன், மேலே போ என்று அதற்கு அர்த்தம். அது கேட்ட பிறகுதான் அவள் அடுத்த சொல்லுக்குப் போவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணி, வெளியே மழை. மின்சாரம் போய் ஃபேன் நின்றிருந்தது. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ கண்ணாடி அறுக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. 'கான்' என்று தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கான்சனன்ட் முடிந்து கான்சார்ட், கான்சார்ஷியம் என்று நகர்ந்து கான்ஸ்பைர் வந்தது.

அவள் வாசித்தாள். "ஒன்று, புள்ளி. பலர் கூடி மறைவாகச் சதி செய்தல், செமிகோலன், ரகசியமாகத் திட்டம் போடுதல், புள்ளி. இரண்டு, புள்ளி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கெடுதலைக் கொண்டுவருதல், புள்ளி. பிறப்பு, கோலன். லத்தீன், கமா. கான் என்றால் சேர்ந்து, கமா, ஸ்பிராரே என்றால் மூச்சுவிடுதல், புள்ளி." அதற்குக் கீழே ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: தலைகளை நெருக்கிவைத்துக் குசுகுசுப்பவர்கள் ஒரே மூச்சு விடுகிறார்கள்.

ஒவ்வொரு கமாவிலும் அவளுக்குப் பின்னால் அந்த விசில் வந்தது. இதை அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். ஒரு கமா தவறவில்லை.

கான்ஸ்டபிள் போயிற்று. கான்ஸ்டன்ட் போயிற்று. கான்ஸ்டிபேஷன் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். டிக் சாருக்கு வருடம் முழுக்க மலச்சிக்கல், அலுவலகம் முழுக்க அது தெரியும். "அண்ணே, உங்க சொல் வந்துடுச்சு" என்றாள்.

பதில் இல்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். அதுவும் இல்லை. அவள் திரும்பினாள்.

தாடை மார்பில் பட, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறவர் மாதிரி. அவள் விரலைத் தொட்டாள். பென்சில் அவர் விரலைவிடச் சூடாக இருந்தது.

பக்கத்துக் கட்டடத்து டாக்டர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். இமையை விலக்கிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணிக்கு மேல ஆயிருக்கும்மா."

"இல்ல டாக்டர். இப்பதான் மூச்சு விட்டார். கான்ஸ்டர்னேஷன் கடைசியில ஒரு கமா இருக்கு. அதுல விட்டார்."

டாக்டர் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து டிக் சாரின் மனைவி போன் பண்ணினார். அழவில்லை. "அவர் எப்ப போனார்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு வர்றேன். நீ பக்கத்துலயே இருந்தியே, ரேடியோ. டாக்டர் அரை மணிங்கிறார், நீ அப்பதான்னு சொல்றே. ரெண்டுல எது? அரை மணி முன்னாடி பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரோன்னு எனக்குத் தூக்கம் வரல."

மறுநாள் காலை ஆசிரியர் அவளை வாசிப்பு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த நாற்காலிகள் இரண்டும் அதே இடத்தில் முதுகோடு முதுகாக இருந்தன. யாருக்கும் நகர்த்த மனம் வரவில்லை. ஆசிரியர் இழுப்பறையிலிருந்து அன்றைய புரூஃப் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். அவள் அதை அதற்குமுன் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

டிக், டிக், டிக் என்று ஓரத்தில் இறங்கி வந்தது. கான்சனன்டோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவள் வாசித்து முடித்த பத்துச் சொல்லுக்கு ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

"பத்து டிக்" என்றார் ஆசிரியர், குரலைத் தாழ்த்தி. "பென்சில் அதே பென்சில். நீ போட்டா வித்தியாசம் தெரியாது. கடைசி வரி வரைக்கும் வேலை பார்த்தார், பட்டுனு போயிட்டார், அவ்வளவுதான். அந்தம்மா நிம்மதியாத் தூங்குவாங்க. நீயும் தூங்குவே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பென்சிலை வாங்கிக்கொண்டாள். இரண்டு தலையும் தாள்மேல் குனிந்தன. அப்போதுதான் கவனித்தாள்: ஆசிரியர் மூச்சு இழுக்கும்போது அவளும் இழுக்கிறாள். விடும்போது விடுகிறாள்.

பழக்கதோஷம், டிக் போடும்முன் சொல்லை வாய் தானாக வாசித்தது. "கான்சார்ட், கமா."

விசில் கேட்டது.

ஆசிரியர் நிமிர்ந்து காலி நாற்காலியைப் பார்த்தார். "என்ன சத்தம்?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்லையே" என்றார். ஆனால் அந்த நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அதே நேரம் கதவு திறந்தது. டிக் சாரின் மனைவி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

"என்ன, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு?"

ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் அவள் தாளை எடுத்துக் கொடுத்தாள். "அண்ணி, டிக் இதோட நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பத்துச் சொல் நான் வாசிச்சிருக்கேன். சொல்லுக்கு மூணு நிமிஷம்."

அண்ணி ஓரத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். "அரை மணி" என்றார். "அரை மணி நேரம் பொணத்துக்கு வாசிச்சிருக்கே."

"மூச்சு கேட்டுச்சு, அண்ணி."

"யார் மூச்சு?"

அவள் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

அண்ணி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தார். "உட்காரு. எனக்கு வாசி. அன்னிக்கு வாசிச்ச மாதிரியே."

அவள் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். நாற்காலியில் மறுபடி ஒரு கனம் சாய்ந்தது. வாசித்தாள். முதல் கமா வந்தது. விசிலும் வந்தது. இரண்டாவது கமாவில் அண்ணி எழுந்து சுற்றி வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். பதினோரு வருடத்தில் அந்த இடத்தில் யாரும் நின்றதில்லை.

"போ, வாசி."

"கான்ஸ்பிக்யுவஸ், கமா."

"நிறுத்து" என்றார் அண்ணி. "நீதான். உன் மூச்சை இழுத்து முடிச்சதும் மூக்கால இன்னொண்ணு இழுக்கிறே. அதே விசில். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கு அரை மணி நேரம் சரி. அதற்குமுன்? பதினோரு வருடத்தில் எத்தனை கமாவில் அவர் மூச்சு விட்டார், எத்தனை கமாவில் அவருக்காக இவள் விட்டாள்?

"அப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள். "திரும்பிப் பார்த்திருக்கணும். மூச்சு கேட்டதால பார்க்கல."

அண்ணி நாற்காலிக்குத் திரும்பிப் போனார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசி" என்றார். "அவர் இல்லாம எப்படி இருக்குன்னு நான் ஒரு தடவை கேட்கணும்."

அவள் இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரல் ஜலதோஷக்காரன் குரல் ஆயிற்று. "கான்ஸ்பிரசி. கமா."

மழை இல்லாத நாள், ஃபேனும் போடவில்லை. ஆசிரியர் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் அது வந்தது. மெதுவாக, நுனியில் விசிலோடு.

"நான்தான் பிடிச்சுக்கோன்னு சொன்னேனே" என்றார் அண்ணி.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், அண்ணி. சத்தம் உங்ககிட்டேர்ந்து வருது."

பென்சில் தாளில் உரசுவது நின்றது. நாற்காலி அசைந்தது, அண்ணி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் போலிருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் பக்கத்துல படுத்தேன்" என்றார் கடைசியில். "இந்த ஒன்பது நாளும் ராத்திரி கேட்டுக்கிட்டுதான் இருக்கு. மனசுதான்னு நினைச்சுக்கிட்டேன். அவர் என் பக்கத்துல போயிருந்தாலும் விடிஞ்சுதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும்." ஒரு டிக் போடும் ஓசை கேட்டது. "பிழைச்சிருப்பாரான்னு டாக்டருக்கே தெரியல. உன்னை நான் என்னன்னு கேக்கறது? மிச்சத்தையும் வாசி. அவர் வேலை பாதியில நிக்க வேண்டாம்."

அவள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். கான்ஸ்பைரை வாசித்தாள். கான்ஸ்டபிள் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கோணலாக ஒரு டிக் விழுந்தது, அவருடையது போலவே இல்லை. கான்ஸ்டிபேஷன் வந்ததும் அவள் தயங்கினாள்.

"சொல்லு, சொல்லு" என்றார் அண்ணி. "அவர் சொல்தானே." சிரிப்பில் நாற்காலி குலுங்கியது.

அடுத்த கமாவில் விசில் வந்தது. யார் விட்டது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள்.