மாம்புரிக்குப் போன ஐந்து பெண்கள்

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் போக, கற்பிட்டி வீதியோரம் எங்கள் ஒழுங்கையில் எஞ்சியவை பதினொரு வீடுகள். அந்த நாட்களில்தான் மகள் கணவனை விட்டு என்னிடம் வந்தாள். மருமகனுக்குக் கைபேசியில் ஓயாமல் ஆபாசப் படம், நகரத்தில் காசு கொடுத்துப் பெண்கள். பிறகு அழுகை, சத்தியம், மறுபடியும் அதே.

வியாழக்கிழமைகளில் என் மனைவி குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதப் பெண்களை அழைப்பாள். ஓதி முடித்து மற்றவர்கள் போன பின்னும் வாசலில் நான்கு சோடிச் செருப்புகள் கிடக்கும். அந்த நால்வரும் தங்கள் கணவன்மாரிடம் இதே துன்பத்தைக் கண்டவர்கள். மகளோடு கதவை மூடிக்கொண்டு இருப்பார்கள். பிளேன்டீயை வாசலில் வைத்துவிட்டு விலகுவது என் வேலை. ஊர் என்ன கதைக்குமோ என்று எனக்கு நித்திரை இல்லை. ஆனால், "எனக்கிட்டதான் குறை" என்று சொல்லிக்கொண்டிருந்த மகள் மெல்ல மெல்ல அந்தப் பேச்சை விட்டாள்.

அப்படியொரு வியாழன் மருமகனின் தாய்மாமன் வந்தார். நல்ல மனிதர்தான். இன்னொருத்தியைக் கட்டிவைத்தால் பையன் அடங்கிவிடுவான், மாம்புரியில் பெண்ணும் பார்த்தாயிற்று, மகள் சம்மதித்தால் போதும் என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் மகள் கதவருகே வந்து நின்றாள்.

"இது பசியில்ல மாமா, வருத்தம், ஒரு நோய். அவரு டொக்டர்ட்ட போகட்டும். அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா?"

உள்ளேயிருந்து நால்வரில் மூத்தவள் சொன்னாள்: "ரெண்டு கட்டினா சுகம் வருமெண்டா, எண்ட மனுசன் இப்ப அவ்லியாவா, மகானா இருக்கணும். அவரு மூணு கட்டினவரு."

மாமன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஐவரும் மாம்புரிக்குப் புறப்பட்டார்கள். நானும் சட்டையை மாட்டினேன்.

"வாப்பா, நீங்க வீட்டப் பாருங்க. இது நாங்க கதைக்கிற கதை" என்றாள் மகள்.

வீட்டை எங்கே பார்த்தேன்! சந்தியில் நின்று பஸ்களை எண்ணினேன். ஏழாவதில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தாய் முதலில் கதிரைகூடக் கொடுக்கவில்லையாம். எல்லாவற்றையும் கேட்டபின் என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாளாம், சாப்பிடாமல் போகவிடவில்லையாம்.

அந்த நிக்காஹ் நின்றது. மருமகன் டொக்டரிடம் போனது அதற்குப் பிறகுதான். மகள் இன்னும் அவனிடம் திரும்பவில்லை. போவதா என்பதை அவளே முடிவு செய்வாள். நிக்காஹைக் கலைத்தது யாரென்று பள்ளிவாசலில் எவராவது கேட்டால், நான் முந்திக்கொண்டு சொல்கிறேன்: "எண்ட மகள்."