பதினோராம் எண் சட்டை

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு கையேடு அச்சாகும். கலந்துகொள்ளும் ஒவ்வோர் அணிக்கும் அதில் ஒரு பக்கம். மேல்பாதியில் அணியின் வரலாறு, கீழ்ப்பாதியில் இந்தப் பருவம் அணி எப்படி ஆடும் என்ற கணிப்பு. எங்கள் ஆண்கள் அணிக்கான பக்கத்தை இந்த முறை நான் மலாயில் எழுதினேன். நான் அந்தக் கல்லூரியில் படித்து, அங்கேயே கருவியியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆட்டங்களின்போது மேசையில் உட்கார்ந்து புள்ளிகளைப் பதிவதும் நான்தான். வரலாற்றை ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். கணிப்பில், வளையத்தருகே நிற்கும் சென்டர் இடத்தில் யார் ஆடுவார் என்ற ஒரு வரியை மட்டும் பல வாரங்கள் காலியாக வைத்திருந்தேன். அதுவரை அந்த இடத்தில் ஆடியவன் என் தம்பி. கையேட்டில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி ஒரு கடைவரிசையின் மாடியில் நடந்துகொண்டிருந்த காலத்தில், யோங் பெங் ஊரிலிருந்து வந்த நான்கைந்து சீன மாணவர்கள் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வளையத்தை மாட்டி ஆடத் தொடங்கினார்கள். அணி பிறந்தது அப்படித்தான். பிறகு சொந்தக் கட்டடம் வந்தது, மழைக்கு ஒழுகும் மண்டபம் ஒன்றும் வந்தது. ஒரு வருடம் அரையிறுதிவரை போய் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றார்கள். அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். கொரோனா கிருமிக் காலத்தில் அணியே இல்லை. மறுபடி தொடங்கியபோது பழைய ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் படிப்பை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பருவமும் கணிப்பு எழுத உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது யார் பாலம் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதைத்தான். சொல்லிவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பயிற்சிக்கு வருவது நின்றுவிடும், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், சீனர். பையன்கள் அவரை 'போஸ்' என்பார்கள், முதலாளி என்ற பொருளில். அவருடைய ஷிப்ட் மாறும்போது எங்கள் பயிற்சி நேரமும் மாறும். ஆலையின் பழக்கங்களை அவர் மண்டபத்துக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். ஆலையில் ஒரு பம்ப்பைப் பழுதுபார்க்கிறவர், அதன் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு டேக் ஒன்றைத் தொங்கவிடுவார். 'இயக்காதே' என்று மலாயில் அதில் அச்சிட்டிருக்கும். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது, மேனேஜரே ஆனாலும். எங்கள் அணியிலும் அதே விதிதான். அடிபட்டவன் தன் சட்டையைப் பொருள் அறையின் கொக்கியில் மாட்டி, அதில் சிவப்பு டேக்கைத் தானே கட்ட வேண்டும். குணமானதும் தானே கழற்ற வேண்டும். முக்கியமான ஆட்டம் வருகிறதென்று யாரும் யாரையும் நொண்டிக் காலோடு இறக்கிவிடக் கூடாது என்பதற்காக அவர் கொண்டுவந்த விதி அது. நல்ல விதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அப்பாவும் பாசிர் கூடாங்கில்தான் வேலை செய்தார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஷிப்ட் முடிந்து ஆலைப் பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியில் இறந்தார். ஜன்னலில் சாய்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. மாசாயில் கடைசி நிறுத்தத்தில் டிரைவர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்றார்கள். நாங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னோம்.

பருவத்துக்கு முன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு மருத்துவச் சோதனை உண்டு. எடை, ரத்த அழுத்தம், ஒரு கையெழுத்து, அதோடு முடிந்துவிடும். இந்த முறை கிளினிக்கில் இருந்த இளம் மருத்துவர், அப்பா எந்த வயதில் எப்படி இறந்தார் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு அவனை ஜோகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கலாம் என்றார் நிபுணர். மாத்திரை சாப்பிடலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ஓடி ஆடும் விளையாட்டு மட்டும் இனி கூடாது. ஆட்டத்தின் நடுவிலேயே இதயம் நின்றுபோகலாம் என்பதை அவர் மலாயில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னார். பரம்பரையாக வருவது என்பதால் என்னையும் சோதித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வளையத்துக்கு நேர்கீழே நின்றுகூடப் பந்தை உள்ளே போடத் தெரியாத எனக்கு.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கால்கள் எப்போதும்போல டேஷ்போர்டில் முட்டிக்கொண்டிருந்தன. பிறகு கேட்டான்.

"அக்கா, அந்த மெஷின கடைசியா எப்ப கேலிபரேட் பண்ணாங்கன்னு கேட்டியா?"

"கேக்கல."

"நீதானே சொல்லுவ, எந்த மீட்டரா இருந்தாலும் கொஞ்சம் சலா காட்டும்னு."

"கொஞ்சம் காட்டும். இவ்வளவு காட்டாது தம்பி."

கருவிகள் காட்டும் அளவு சரியா, சலாவா, அதாவது தப்பா, என்று பார்ப்பதுதான் என் வேலை. அவன் என் தொழிலைக் கொண்டே என்னிடம் வாதாடினான். என்னால் அவன் பக்கம் சேர முடியவில்லை. ஆனால் உள்ளுக்குள் நானும் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேறொரு மருத்துவமனையில், வேறொரு கருவியில் மீண்டும் அளந்து பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். போனோம். ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கருவிகள் ஒத்துப்போனால் நான் நிம்மதியாகக் கையெழுத்திடுவேன். அன்றைக்கு அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, பார்க்கிங் டிக்கெட்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே நின்றேன். அது கையிலேயே இருந்தது.

அடுத்த பயிற்சி நாளில் தம்பி தன் பதினோராம் எண் சட்டையைக் கொக்கியில் மாட்டி டேக்கைக் கட்டினான். எப்போது திரும்புவான் என்று எழுத அதில் ஓர் இடம் உண்டு. அதை எழுதாமல் விட்டான். பயிற்சியாளர் வந்து பார்த்தார், பந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த விதியில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. ஆட முடியாதவனை மற்றவர்கள் ஆட வைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. ஆடக் கூடாதவனே ஆட ஆசைப்பட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. டேக்கைக் கழற்றும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. பயிற்சியாளர் அவனைப் போட்டியில் இறக்க மாட்டார், அது நிச்சயம். ஆனால் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் தளத்தில் மாலை நேரத்தில் ஆடுகிறவர்கள் யாரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை.

அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. ஓரமாக நின்று மற்றவர்களைக் கேலி செய்வான். பையன்கள் அவனைத் 'தியாங்' என்று கூப்பிடுவார்கள், மலாயில் தூண். "தியாங் இன்னைக்கு நட்டு வெச்ச மாதிரி நிக்குது" என்று ஒருவன் சொன்னதற்கு அவனும் சிரித்தான், சொன்னவன்தான் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒரு நாள் பந்து வெளியே உருண்டு வந்தபோது தம்பி அதைத் துரத்திப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டி வளையத்தை நோக்கி ஓடினான். பயிற்சியாளர் விசில் ஊதி, அன்றைய பயிற்சியையே கலைத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். இது அவனுடைய கடைசி வருடம். ஒரே ஒரு சீசன், அதற்குப் பிறகு பந்தைத் தொடமாட்டான். அம்மாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. அவன் சட்டையைத் துவைத்துப் போட்டதைத் தவிர அந்த விளையாட்டோடு அவருக்கு வேறு சம்பந்தம் இருந்ததில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலை முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்.

"உங்கப்பாவ தூங்குறாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. உன்ன வெளையாடுறான்னு நெனச்சிக்கிட்டு நான் இருக்கணுமா?"

அப்போதும் ஆடமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு மாலையும் ஏதாவதொரு சாக்கில் பொருள் அறைக்குப் போய், டேக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

அந்தச் சமயத்தில் யோங் பெங்கிலிருந்து ஒரு புதிய மாணவன் வந்து சேர்ந்தான். தம்பியைவிட ஒரு விரல் உயரம் அதிகம். சென்டர் இடத்துக்கு வேறு ஆளில்லை. ஆனால் அவனுக்குச் சட்டை இல்லை. கல்லூரி வாங்கிக் கொடுத்த ஒரே செட் முழுவதும் பங்கிடப்பட்டிருந்தது, புதிது அடுத்த வருடம்தான் என்று விளையாட்டுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். கொக்கியில் தொங்குவதை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று யாரோ கேட்டபோது கேப்டன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அந்தப் புதியவன் பயிற்சி முழுவதும் உள்பனியனோடு ஆடினான்.

கையேட்டுக்குப் பக்கம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியிருந்த ஒரு மாலை, பொருள் அறையில் கொக்கி காலியாக இருந்தது. டேக்கும் இல்லை, சட்டையும் இல்லை. தம்பிக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக சிமெண்ட் தளத்துக்குப் போனேன். உயரமாக ஒருவன் முதுகு காட்டிக் குதித்தான். அவன் திரும்பும்வரை நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. தம்பி இல்லை. அங்கிருந்தவர்களிடம் கேட்டேன், அவன் வந்தே பல நாளாகிறது என்றார்கள். பக்கத்து டாமான் குடியிருப்பில் ஒரு தளம் உண்டு, அங்கேயும் இல்லை.

வீட்டில், அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில், ஒரு சிறு ஸ்டூலில் முழங்கால் இரண்டும் காதுவரை வர உட்கார்ந்திருந்தான். முன்னால் வாளியில் அந்தச் சட்டை. ஃபோன் அறையில் சார்ஜில் இருந்தது.

"எங்க போன?" என்றேன்.

"எங்கயும் போகல. மெஷின்ல போட்டா நம்பர் உரிஞ்சிடும், அதான்." நுரையைப் பிழிந்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினான். "நாளைக்கு டீம் போட்டோ எடுக்கிறாங்கக்கா. புதுசா வந்தவன் பனியனோட நிக்கப் போறான். பாக்க நல்லாவா இருக்கு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போஸ் கழட்ட மாட்டாரு. கேப்டனும் மாட்டான். நான் கழட்டினாதான் உண்டு." சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "நீ புக்குல அந்த சென்டர் லைன எழுதிடு. ரீபவுண்ட் நல்லா எடுக்கிறான்னு போடு. எடது கை கொஞ்சம் வீக்கு, அத போடாத" என்றான்.

பிறகு வாளித் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டான். சோப்புத் தண்ணீர், கண் எரிந்திருக்கும். அம்மா வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். சட்டையை வாங்கி உதறிக் கம்பியில் போட்டு, எண் சுருங்காமல் இரு பக்கமும் இழுத்துவிட்டார்.

அன்றே அந்த வரியை எழுதினேன். யோங் பெங்கிலிருந்து புதிய சென்டர், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, ரீபவுண்டை, எடுப்பதில் வல்லவர், இந்தப் பருவம் அணி காலிறுதியை எதிர்பார்க்கலாம். போன வருடச் சென்டர் ஏன் இல்லை என்று கையேட்டில் எழுத இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

முதல் ஆட்டம் எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. பயிற்சியாளர் தம்பியை மேசையில் என் பக்கத்தில் உட்காரவைத்து, ஆட்டக் கடிகாரத்தின் சுவிட்சை அவன் கையில் கொடுத்திருந்தார். அவன் நன்றாகவே செய்தான். விசில் கேட்டதும் நிறுத்துவான், பந்து ஆட்டக்காரர் கைக்கு வந்ததும் ஓடவிடுவான். மற்ற ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க வரும்போது அவர்களைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பயிற்சியாளரிடம் இன்னொரு கண்டிப்பு உண்டு. நடுவர் ஃபவுல் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது, வாதாடக் கூடாது. செய்தவன் உடனே கையைத் தூக்கி நிற்க வேண்டும். இரண்டாம் கால்பகுதியில் புதிய சென்டர் எதிரணிக்காரன்மீது மோதிவிட்டான். நடுவர் விசில் ஊதி மேசைப் பக்கம் ஓடிவந்து, விரல்களைக் காட்டி, "சபெலாஸ்" என்றார். மலாயில் பதினொன்று.

என் பக்கத்தில் தம்பியின் கை மேலே போனது.

தளத்தில் புதியவனும் கையைத் தூக்கியிருந்தான். நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரணிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எங்கள் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. தம்பிக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவன் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பதினொன்றுக்கு நேரே ஃபவுலைக் குறித்தேன். நடுவர் எதிரணிக்குப் பந்தைக் கொடுக்கத் தயாராக நின்றார். தம்பியின் முழங்கையைப் பிடித்து மெதுவாக இறக்கி, சுவிட்ச்மேல் வைத்தேன். பந்து தளத்துக்குள் வந்தது, அவன் சுவிட்சை அழுத்தினான்.