தவாய் கலந்த கறுப்பு பீர்

வீட்டில் பீர் காய்ச்சுவது என் கிறுக்கு. கருக வறுத்த பார்லியின் வாசனை, தீவில் எங்கள் குட்வில் எஸ்டேட் வீடு முழுக்கப் பரவும்போது நான் பாதி கனவில்தான் நடமாடுவேன். வெளியே மழை, உள்ளே ஈரச்சாக்கு சுற்றிய டிரம் மெல்லக் குமிழி விடும். ஆனால் முதல் கறுப்பு பீரைக் குடித்த என் கணவர், "இது கஷாயம். சளி பிடிச்சவனுக்குக் குடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனி போட்டாலும் வெல்லம் போட்டாலும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடுகிறது. அது தொடாத இனிப்பு பால் சர்க்கரைதான்.

அதை மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரவழைக்கப் பொறுமை இல்லை. ஹோமியோபதிக்காரர்களிடம் கிடைக்கும் என்றார்கள். அம்மாவுக்குத் தூக்கத்துக்கு மருந்துப் பொட்டலம் தரும் பெங்காலி டாக்டரிடமே ஒரு டப்பா வாங்கி வந்தேன். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்ததும் ஒரு சந்தேகம் தட்டியது. அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து நக்கிப் பார்த்தேன். அதே ருசி.

கச்சால் தீவில் சுனாமியன்று கடல் ஏறி வந்து எங்கள் வீட்டைக் கொண்டுபோனதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. இங்கே வந்தும் கடல் பக்கத்து ஜன்னலைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தே கிடப்பாள். அவளைத் தூங்கவைத்தது அந்தப் பொட்டலம்தான். மருந்தை இங்கே இந்தியில் சொல்வதுபோல அதை அவள் 'தவாய்' என்பாள்.

டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை. "நீந்த் ஆ ரஹி ஹை நா?" என்றார். தூக்கம் வருகிறதுதான். இது வெறும் சர்க்கரை என்று தெரிந்தால் அம்மாவின் தூக்கம் போய்விடும். பயந்துகொண்டே வீடு திரும்பினேன்.

அம்மா அடுப்படியில் டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இது என் தவாயில்ல? இம்புட்டையுமா பீர்ல கொட்டப் போற?"

"ஆமாம்மா, ஒன் தவாய்தான்."

"குடிக்கிறவங்க எல்லாம் தூங்கிற மாட்டாங்களா?"

"தூங்கட்டும்மா."

அம்மா சிரித்தாள்.

பீர் தயாரானதும் ஒரு மத்தியானம் அவளே அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "இனிப்பா நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "காத்தே வரல" என்று முனகிக்கொண்டு எழுந்துபோய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். அலைச் சத்தம் அறைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்த என் கணவரின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.